“பத்து மணி ஆயிடுச்சுங்க அம்மா”

பாளையங்கோட்டைக்காரன்:
நெல்லை எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர். அம்மாவுக்கு 68 வயது, ரெண்டு முட்டியும் தேய்மானம், கிடைத்ததோ மிடில் பெர்த். எனக்கு அப்பர், மாற்றிக்கொண்டும் பயனில்லை. லோயரில் இருந்தவர் ரொம்ப மரியாதைக்காரர். எழும்பூரில் ஏறியதும் எழுந்து வணக்கம் சொன்னார், இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் அம்மாவிடம் நீட்டினார், முட்டிக்கு என்ன தைலம் தேய்க்கிறீர்கள் என்றுகூட விசாரித்தார். டாண் என்று 10 மணிக்கு, “தப்பா நினைக்காதீங்க அம்மா, பத்து மணி ஆயிடுச்சு, பெர்த்தைப் போட்டுடலாமா?” சரிதான், 10 முதல் 6 வரை அவர் படுக்கலாம், ரூல் அதுதான். அம்மா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள், ஏறவில்லை, இறக்கிவிட்டாள். மறுபடி தூக்கினாள். அவர் “பார்த்து, பார்த்து” என்றார். சைடு லோயரில் காதில் இயர்போனோடு கிடந்த ஒரு பையன், அதுவரை எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை, எழுந்து வந்து தன் பையை மிடிலில் விட்டெறிந்துவிட்டு “பாட்டி, அங்க படு” என்று ஏறிப் போய்விட்டான். ‘படு’ என்றதற்கு எனக்குச் சுருக்கென்று கோபம் வேறு!

மிளகுரசம்:
லோயர்காரர் மேல் என்ன தப்பு? அவருக்கு முதுகு வலியோ என்னவோ. தப்பு உங்கள் டிக்கெட்டில். சீனியர் கோட்டா என்று தனியாக இருக்கிறது, ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்தே லோயர் கேட்கலாம். ஆனால் கூட வருகிறோம் என்று உங்கள் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்தக் கோட்டா போச்சு. அம்மாவுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். 2020-ல் நிறுத்தியது கட்டணச் சலுகையைத்தான், கோட்டா அப்படியேதான் இருக்கிறது, நிறையப் பேர் ரெண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் வண்டி கிளம்பியதும் டிடிஆரிடம் கேளுங்கள், காலி லோயர் இருந்தால் மாற்றித் தருவார். என் மாமியாருக்கு அப்படித்தான் கிடைத்தது.

சாந்தி_மடிப்பாக்கம்:
டிக்கெட்டை விடுங்க, பாளையங்கோட்டைக்காரர் சொல்ல வந்தது அதுவா? அப்பா காரியத்துக்கு முந்தின நாள் ஒருவர் வந்தார். செருப்பை வெளியே வரிசையாக விட்டார், கிளம்பும்போது “போயிட்டு வரேன்” சொல்லக்கூடாது என்று தெரிந்து தலையை மட்டும் ஆட்டினார், எல்லாம் முறைப்படி. நடுவில் அம்மாவை உட்காரவைத்து, “கடைசியா என்னம்மா பேசினார், முதல்லேர்ந்து சொல்லுங்க” என்று ஒரு மணி நேரம். அன்றைக்கு மட்டும் அது எட்டாவது தடவை. கீழ்வீட்டு அக்கா, எங்களோடு தண்ணீர் மோட்டார் சண்டை போட்டு ரெண்டு வருஷம் பேசாதவர், பிளாஸ்க்கில் காபியோடு வந்து அம்மா கையில் டம்ளரைத் திணித்து, “குடிச்சிட்டு உள்ள போய்ப் படுங்க, வர்றவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

பாளையங்கோட்டைக்காரன்:
மிளகுரசம், முதுகு வலி என்றால் சொல்லியிருப்பார், மற்றதெல்லாம் அவ்வளவு பேசினாரே. காலையில் கோவில்பட்டி தாண்டியதும் அந்தப் பையனுக்கு ஒரு காபி வாங்கி நீட்டினேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்து, “வேணாம்ண்ணே” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா குடித்தாள்.