உயிரணுவுக்கு வெளியே ஆர்.என்.ஏ.: தூதா, சிதறலா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
என் அத்தைக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். கோலாலம்பூரில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸோசோம் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். எக்ஸோசோம் என்றால் உயிரணுக்கள் வெளியே விடும் நுண்பையாம். அதில் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு இருக்கிறதாம், அது தேய்ந்த மூட்டுக்குப் போய்ப் புதுப்பிக்கக் கட்டளை கொடுக்குமாம். அறிவியல் இதை நிரூபித்துவிட்டது என்று கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். அத்தை சேமிப்பை எடுக்கத் தயாராகிவிட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உயிரணுக்கள் உண்மையிலேயே ஆர்.என்.ஏ. அனுப்பிப் பேசிக்கொள்கின்றனவா?

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்:
பேசிக்கொள்கின்றன என்றே சொல்வேன். இரத்த நீர்மத்தில் நியூக்ளிக் அமிலம் (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. வகை மூலக்கூறு) மிதக்கிறது என்பது 1948-லேயே தெரியும். பெரிய திருப்பம் 2007-இல் வந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹாடி வலாடி, யான் லோட்வால் குழுவினர் எலியின் மாஸ்ட் உயிரணுக்கள் (ஒவ்வாமையில் பங்கேற்பவை) விட்ட எக்ஸோசோம்களை மனித மாஸ்ட் உயிரணுக்களோடு சேர்த்தார்கள். பிறகு பார்த்தால் மனித உயிரணுக்களுக்குள் எலிப் புரதங்கள்! உள்ளே போன தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வை, கொண்டு அவையே அந்தப் புரதத்தைத் தயாரித்தன என்பது அவர்கள் முடிவு. இதைப் பேச்சு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பாயான் லெப்பாஸ் ஆய்வுக்கூடத்தாள்:
ஐயா, அந்தச் சோதனையை நானும் மதிக்கிறேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2011-இல் வெளிவந்த ஆய்வில், பிளாஸ்மா என்ற இரத்த நீர்மத்தில் இருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் (மரபணுக்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.) பெரும்பங்கு நுண்பைக்குள்ளேயே இல்லை. ஆர்கோநாட்-2 என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே மிதந்தது. 2014-இல் இன்னொரு குழு எக்ஸோசோம்களை எண்ணியது. தாராளமாகக் கிடைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொண்டாலும், சராசரியாக நூறு எக்ஸோசோம்களுக்கு மேல் சேர்த்தால்தான் ஒரே ஒரு மூலக்கூறு தேறியது. நூறு உறைகளில் தொண்ணூற்றொன்பது காலி என்றால் அதைக் கடிதப் போக்குவரத்து என்பீர்களா, வெறும் சிதறல் என்பீர்களா? உள்ளே போன நுண்பைகளிலும் பெரும்பாலானவை உயிரணுவின் செரிமான அறைக்குப் போய் அழிந்துவிடுகின்றன.

மாதிரி எடுப்பதிலேயே எத்தனை சிக்கல் தெரியுமா? ஊதா மூடிக் குழாயில் வந்த இரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்க வேண்டும். சில நாள் இளஞ்சிவப்பாக நிற்கும். ஊசி குத்தியபோதோ குழாயைக் குலுக்கியபோதோ சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். அவற்றிலிருந்து 451, 16 ஆகிய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கொட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு உடைந்தாலும் போதும், நோயின் அடையாளம் என்று அதையே எழுதிவிடலாம். அதனால் 414 நானோமீட்டர் ஒளியில் ஹீமோகுளோபினை அளந்து பார்த்த பிறகுதான் நான் அடுத்த வேலைக்குப் போவேன். அளந்ததாக எழுதாத கட்டுரைகளை என்னால் நம்ப முடியவில்லை.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்:
கவனமில்லாமல் செய்தவர்களை வைத்து இயற்கையை மறுக்கக் கூடாது, அம்மா. மூளையில் ஆர்க் என்ற புரதம் இருக்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஷெப்பர்ட் குழுவினர் 2018-இல் காட்டியபடி, அது வைரஸ் ஓடு போலத் தானே கூடிக்கொண்டு, தன் தூது ஆர்.என்.ஏ.வையே உள்ளே வைத்து அடுத்த நரம்பணுவுக்குக் கொண்டுபோகிறது. நம் மரபணுத் தொகுதியில் புகுந்த ஒரு பழங்காலக் கூறு, இன்று நினைவாற்றலுக்கு வேண்டிய புரதமாக இருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இதையும் சிதறல் என்பீர்களா?

பாயான் லெப்பாஸ் ஆய்வுக்கூடத்தாள்:
ஆர்க்கைச் சிதறல் என்று நான் சொல்லவே மாட்டேன். ஓடு கண்ணுக்குத் தெரிகிறது, சரக்கும் தெரிகிறது. அதே அளவு சான்றை மற்றவற்றுக்கும் கேட்கிறேன், அவ்வளவுதான். 2012-இல் சீனாவின் நான்ஜிங்கிலிருந்து, சோற்றிலுள்ள 168ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. உண்பவரின் இரத்தத்தில் கலக்கிறது, எலியின் கல்லீரலில் கொழுப்பைக் கையாளும் ஒரு புரதத்தைக் குறைக்கிறது என்று ஓர் ஆய்வு வந்தது. மூன்று வேளையும் சோறு உண்ணும் நமக்கு எவ்வளவு பெரிய செய்தி! 2013-இல் வேறு குழுக்கள் தேடியபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.

செந்தூல் மருந்தாளர்:
இருவரும் அத்தையை மறந்துவிட்டீர்கள். இந்த ஆர்.என்.ஏ. நோயை அறிய உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறுநீர் எக்ஸோசோமில் மூன்று மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை அளந்து, புராஸ்டேட்டில் திசு எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும் பரிசோதனை அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறது. ஊசியாக உடம்புக்குள் ஏற்றுவது முற்றிலும் வேறு விஷயம். நெப்ராஸ்காவில் எக்ஸோசோம் ஊசி போட்டவர்களுக்குக் கடுமையான பாதிப்பு வந்ததால் 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விட்டது. அப்போது அதன் ஒப்புதல் பெற்ற எக்ஸோசோம் மருந்து ஒன்றுகூட இல்லை. நம் நாட்டில் பதிவான மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் தம்பி, அந்தக் குப்பியின் எண்ணை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அத்தையைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்:
ஊசி விஷயத்தில் மருந்தாளர் சொல்வதே சரி, என் வாதத்தைக் காட்டி யாரும் அதை விற்க வேண்டாம். ஆனால் எண்ணிக்கை போதாது என்பதோடு கதை முடியவில்லை. 2017-இல் பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் ரொனால்ட் கான் குழுவினர், மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உருவாக்கும் டைசர் நொதியை எலியின் கொழுப்புத் திசுவில் மட்டும் நீக்கினார்கள். இரத்தத்தில் சுற்றும் எக்ஸோசோம் மைக்ரோ ஆர்.என்.ஏ. பெருமளவு சரிந்தது. அந்த எலிகளுக்கு இயல்பான எலியின் பழுப்புக் கொழுப்பைப் பதித்ததும் கல்லீரலில் எஃப்.ஜி.எஃப்.-21 என்ற மரபணுவின் வேகம் தணிந்தது. கொழுப்பு விட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. கல்லீரலை எட்டி வேலை செய்தது என்பது அவர்கள் முடிவு.

பாயான் லெப்பாஸ் ஆய்வுக்கூடத்தாள்:
நல்ல சோதனை, மாணவர்களுக்கு நானே அதைக் காட்டுவேன். ஆனால் பதித்த கொழுப்பு ஹார்மோன்களையும் சுரக்கும் ஐயா. கல்லீரல் அணு ஒன்றுக்குள் எத்தனை மூலக்கூறுகள் செரிமான அறையைத் தப்பி உள்ளே சேர்ந்தன? அந்த எண்ணை அளந்து காட்டுங்கள், அன்றே உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
கிளினிக்கை அழைத்துப் பதிவு எண் கேட்டேன். மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பணம் கட்டப்போவதில்லை என்று அத்தை ஒப்புக்கொண்டார்.