மைஎஸ்கியூஎல் 5.7-ஐ விட்டு நகர வேண்டும், மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள்

மண்டபத்தில் விசைப்படகுகளின் ஏலக் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் ஒரு கிளவுட் சேவையில், மும்பை ரீஜியனில் ஓடுகிறது; டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல், பதிப்பு 5.7. அதன் ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இப்போது நீட்டித்த ஆதரவு என்று மாதாமாதம் தனிக் கட்டணம் ஏறுகிறது. மீனவர் சங்கத்தால் அதைக் கட்ட முடியவில்லை.

தடைக்காலம் என்பதால் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சர்வரை நிறுத்தி வேலை பார்க்க வருடத்தில் கிடைக்கும் நல்ல நேரம் இதுதான்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து (டேட்டாபேஸின் சேமித்த பிரதி) நகல் எடுத்து, அடுத்த பதிப்பான 8.0-க்கு ஏற்றிப் பார்த்தேன். 'குரூப்ஸ்' அங்கே மைஎஸ்கியூஎல் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல் என்பதால் அந்தப் பெயருள்ள டேபிளின் பெயரை மாற்றினேன். அப்புறம் ஏலப் பட்டியலில் படகு வரிசை குலைந்தது. முதல் வரியில் வர வேண்டிய படகு பதினேழாவது வரியில் நின்றது. வரிகளைத் தொகுக்கும் 'குரூப் பை' கட்டளை தானாக வரிசைப்படுத்துவதை 8.0-இல் எடுத்துவிட்டார்கள். வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' கட்டளையைச் சேர்த்ததும் சரியானது.

ஆனால் 8.0-இன் ஆதரவுக்கும் 2026 ஏப்ரல்தான் எல்லை. அதனால் அதே கையோடு 8.4 வரை போய்விட நினைக்கிறேன். சிக்கல் அங்கேதான். எங்கள் நிரல் பிஎச்பி மொழியின் 7.2 பதிப்பில் ஓடுகிறது; 'நேட்டிவ் பாஸ்வேர்டு' என்ற பழைய கடவுச்சொல் முறையில் மட்டுமே டேட்டாபேஸுக்குள் நுழையும். 8.4-இல் அது இயல்பாகவே அணைந்திருக்கிறது. பிஎச்பி 7.4-க்கு ஏற்றினால் ரசீது அச்சிடும் லைப்ரரி வெற்றுத்தாளைத் தள்ளுகிறது. மூன்று இரவுகள் உட்கார்ந்தும் பிடிபடவில்லை.

கிளவுட் சேவையில் 8.4-க்கு மாறிய பிறகும் நேட்டிவ் பாஸ்வேர்டை இயக்கி, பிஎச்பி 7.2-ஐ ஓட்டியவர்கள் யாராவது எந்த பாராமீட்டரை (டேட்டாபேஸ் அமைப்பை) மாற்றினீர்கள் என்று சொல்ல முடியுமா?