தனுஷ்கோடிச் சாலையும் டீக்கடை வாக்குவாதமும்: ஓட்டம், உத்தி, மருந்துச் சோதனை

தூர ஓட்டத்தின் உத்தியையும் மருந்துச் சோதனையையும் பற்றி எங்கள் ஊரில் கண்டது கேட்டதை எழுதுகிறேன். எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம். காலையில் ஓடுகிற கூட்டம் சின்னதுதான். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற பையன்கள், ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர், விசைப்படகுக்குப் போகிற ஒரு அண்ணன் (கடலுக்குப் போகாத நாளில் மட்டும் வருவார்), அப்புறம் நான். ஓடி முடித்து டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு நேரே தூர ஓட்டத்துக்குப் பேர்போன கென்யாவுக்குப் போய்விடும், அங்கிருந்து ஊக்கமருந்துக்குப் போய்விடும்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை போகும் சாலையில் இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது போகிற வழியில் முதுகைத் தள்ளிவிடும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். பையன்கள் போகும்போது வேகம் வருகிறதே என்று முன்னால் பறப்பார்கள். படகு அண்ணன் மட்டும் யாராவது ஒருத்தன் தோளுக்குப் பின்னால், காற்று எந்தப் பக்கமோ அதற்கு மறைவாக ஒட்டிக்கொண்டே வருவார். கடைசி ஒரு கிலோமீட்டரில் எல்லாரையும் தாண்டிப் போய்விடுவார். "அண்ணே, இது ஏமாத்து வேலை" என்று ஒரு பையன் சண்டைக்கே போனான். அவர் சிரிக்கக்கூட இல்லை. "காத்தை எவன் வாங்குறானோ அவன்தான்டா தோக்குறான்" என்றார்.

அதே பையனுக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். நார்வேயின் இங்கெப்ரிட்சன் முதல் சுற்றை 55 நொடிக்குள் முடித்து முன்னாலேயே ஓடினார், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் காற்று மறைப்பு. கடைசி நேர்கோட்டில் அமெரிக்காவின் ஹாக்கர் உள்பக்கம் புகுந்து 3:27.65இல் ஜெயித்தார், இங்கெப்ரிட்சன் நான்காவது. கென்யாவின் கிப்சோகே 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1:59:40இல் ஓடினாரே, அதிலும் மாறி மாறி வந்த 41 பேர் அவருக்கு முன்னாலும் பின்னாலும் அணி வகுத்துக் காற்றை வாங்கிக்கொண்டார்கள், அதனால்தான் அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை. இதையெல்லாம் பார்க்காமல், நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு "மருந்துதான்" என்று முடிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஓட்டத்தையே பார்க்காதவனுக்குச் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது, அதில்தான் பெரிய சண்டையே வந்தது. கென்யாவின் ரூத் செப்ன்கெட்டிச் 2024 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை 2:09:56இல் ஓடினார். முந்தைய சாதனை 2:11:53. மாரத்தானில் பெண்கள் உலக சாதனையிலிருந்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஒரே நாளில் குறைந்தது, பாதித் தூரத்தையே 64 நிமிடம் 16 நொடியில் கடந்திருந்தார். செய்தியாளர் சந்திப்பில் ஒருவர் மருந்து பற்றி முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். எங்கள் கடையில் பாதிப் பேருக்குக் கோபம், ஜெயித்த அன்றைக்கே ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா என்று. அது கேட்டாக வேண்டிய கேள்வி என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கேட்பது வேறு, தீர்ப்பு சொல்வது வேறு.

அப்புறம் நடந்தது இது. 2025 மார்ச் 14 அன்று எடுத்த அவருடைய சிறுநீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற தடை மருந்து, மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 3,800 நானோகிராம். 20ஐத் தாண்டினாலே ஆய்வகம் சொல்லியாக வேண்டும். முதலில் எப்படி வந்தது என்றே தெரியாது என்றவர், பிறகு உடம்பு சரியில்லாமல் வீட்டுப் பணிப்பெண்ணின் மாத்திரையைச் சாப்பிட்டேன் என்றார். அக்டோபரில் மூன்று வருடத் தடை. சிகாகோ சாதனை மட்டும் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் ரத்தானது மார்ச் 14க்குப் பிந்தைய முடிவுகள்தான்.

"பாவம், தெரியாம சாப்பிட்டிருக்கும்" என்று சிலர் ஆரம்பித்தார்கள். பக்கத்து மருந்துக்கடை அக்கா டீ வாங்க வந்தவர் கேட்டுக்கொண்டே நின்றார். கடைக்குப் போய் ஒரு அட்டையை எடுத்துவந்து மேசையில் போட்டார். டெல்மிசார்டான் 40 மி.கி., அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. "இது உங்க அம்மா சாப்பிடுற பிரஷர் மாத்திரை தம்பி" என்று ஒரு பையனைப் பார்த்துச் சொன்னார். உடம்பில் உள்ள நீரை வெளியேற்றும் மருந்து அது. சிறுநீரை நீர்க்கச் செய்து வேறு மருந்தை மறைக்க உதவும் என்பதால் தடைப் பட்டியலில் இருக்கிறது. பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் வீட்டு அலமாரியில் இருப்பது அதே அட்டைதான்.

பரிதாபத்தை அடக்கியது பி.டி. சார். நம் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை லட்சுமணன் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார், ஓட்டத்தில் ஒரு கால் உள்கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்ததற்காகப் பதக்கம் போனது. அதை இப்போது சொன்னாலும் சாருக்குத் தொண்டை அடைக்கும். "காலடிக்கே அந்தக் கணக்குன்னா, வயித்துக்குள்ள போனதுக்கு யார் கணக்கு சொல்றது?" என்றார். உடம்பில் என்ன இருந்தாலும் ஓடுகிறவரே பொறுப்பு என்ற விதியை நானும் முழு மனதோடு ஏற்கிறேன். அது இல்லாவிட்டால் ஆளுக்கொரு பணிப்பெண் கதை வரும்.

கென்யாவைச் சொல்கிறவர்கள் நம்மையும் பார்க்க வேண்டும். 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213இல் தடை மருந்து. அதே வருடம் டெல்லி மாநிலப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆட்கள் கலைந்து ஓடி, 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் ஓடினார். எனக்கு இந்த விஷயத்தில் வருகிற கோபம் வேறு எதிலும் வருவதில்லை.

இனி எங்கள் கூட்டத்திலேயே ஒருவனுக்கு நடந்தது. பெரிய போட்டி ஒன்றில் ஓடி முடித்தவுடன் மருந்துச் சோதனைக்காக ஒருவர் வந்து கையெழுத்து வாங்கினார், அதன்பிறகு தண்ணீர் குடிக்க, சட்டை மாற்ற எங்கே போனாலும் கூடவே வந்தார். ஓடி வியர்த்த உடம்பு, சோதனைக்கு வேண்டிய 90 மில்லி சிறுநீர் வரவே இல்லை. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருந்தான், அதிகமாகக் குடித்தாலும் நீர்த்துப்போய் மறுபடி கொடுக்க வேண்டிவரும். கடைசியில் ஒரு அதிகாரி நேரே பார்த்துக்கொண்டிருக்கக் கொடுத்து, ஏ, பி என்று இரண்டு குப்பியில் அவன் கையாலேயே ஊற்றி மூடினான். அதுவரை சரி. ஏழு நாளில் என்ன மருந்து எடுத்தாய் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அந்த வாரம் காய்ச்சலுக்கு ஊரில் ஒரு ஊசி போட்டிருக்கிறான். என்ன ஊசி? அவனுக்கும் தெரியாது, கூடப் போன அம்மாவுக்கும் தெரியாது. நம் ஊர்களில் காய்ச்சல், உடம்புவலி என்று போனால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்து போடுவது சாதாரணம், போட்டிக் காலத்தில் அது ஊசியாக ஏறினால் தடை. சில இருமல் சிரப்பில் டெர்பியூட்டலின் என்ற மருந்து இருக்கிறது, அதுவும் தடைதான். "காய்ச்சல் ஊசி" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவன், தகவல் ஏதும் வராது என்று உறுதியாகும்வரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் தான் எப்படி ஓடினான் என்று அவன் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

விதி கடுமையாக இருக்கட்டும், இன்னும் கடுமையாக்கட்டும். ஆனால் அந்த விதியை உச்சிப்புளியிலும் தேவிபட்டினத்திலும் ஓடுகிற பிள்ளைக்கு யார் சொல்கிறார்கள்? மாவட்டப் போட்டிகளில் எண் அட்டை கொடுக்கிறார்கள், ஒரு பக்கத் தாளில் மருந்துப் பட்டியல் கொடுப்பதை நான் பார்த்ததில்லை. தேர்வுக்கு ஓடுகிற பையன்களிடம் "ஊசி ஒண்ணு போட்டா நேரம் குறையும்" என்று வந்து பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் மட்டும் எல்லா விவரமும் இருக்கிறது.

இப்போது சார் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். எந்தப் பையன் டாக்டரிடம் போனாலும் ஊசியின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிவர வேண்டும், மருந்துக்கடை அக்கா பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பார். எழுதித் தர மறுத்த இடமும் உண்டு. அங்கே இப்போது எங்கள் பையன்கள் போவதில்லை.