‘தி ஃபிளாஷ்’ டிவி தொடரில், காலத்தில் பின்னோக்கியும் ஓடக்கூடிய அதிவேக வீரன் ஃபிளாஷ், அதாவது பேரி, உடைந்துபோகும் இடங்களில் உங்களால் மறக்க முடியாதது எது?

ஆயா வளர்த்த பிள்ளை, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

முதல் சீசனின் கடைசி எபிசோட், 2015இல் வந்தது. எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பேரி அம்மா சாகும் ராத்திரிக்கே திரும்பி ஓடுகிறான். அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வருங்கால ஃபிளாஷ் அவனைப் பார்த்து வேண்டாம் என்று சைகை காட்டுகிறான். இவன் கதவுக்குப் பின்னால் நின்றபடி அழுகிறான். எல்லாம் முடிந்தபின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றுகிறான், தன் முகம் அவளுக்குத் தெரியட்டும் என்று.

2020இல், கொரோனா சமயத்தில், எங்கள் ஆயா (பாட்டி) ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாரையும் உள்ளே விடவில்லை. ஒரு நர்ஸம்மா போனை ஆயாவின் காதில் வைத்தார். இந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம்தான் கேட்டது. கிளேர் எஸ்டேட்டில் தகனம். பெட்டியைத் திறக்கக்கூடாது என்றார்கள், நாங்கள் மாஸ்க்கோடு தள்ளித் தள்ளி நின்றோம். முகத்தைக் காட்டி வழியனுப்பப் பேரி கொடுத்துவைத்தவன். அந்தக் காட்சி வந்தால் இன்றைக்கும் நான் அறையை விட்டு எழுந்து போய்விடுவேன்.

பீனிக்ஸ்காரன்

ஆயாவை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, தம்பி. ஆனால் அந்தக் காட்சியை அத்தனை உயரத்தில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த சீசன் முடிவிலேயே பேரி அதை அழித்துவிடுகிறானே! ஜூம் என்ற வில்லன் பேரியின் அப்பாவை அவன் கண்ணெதிரே கொல்கிறான். பேரி மறுபடி அதே ராத்திரிக்கு ஓடி அம்மாவைக் காப்பாற்றுகிறான். கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த பழைய பேரி அப்படியே கரைந்து மறைகிறான். எனக்கு மறக்காதது அந்த மறைவுதான். நம்பிக்கை போனவன் தன்னுடைய நல்ல முடிவையே துடைத்துப் போடுகிறான்.

நான் அதைப் பார்த்தது 2022 லோட்ஷெட்டிங் சமயத்தில். பேரியின் அப்பா ஹென்றி விழுந்ததும் கரண்ட் போனது. என் அப்பா பக்கத்து சோபாவில் இருந்தார். இரண்டு மணி நேரம் இருட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் அப்பா செத்த கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னார்.

டோங்காட் தங்கச்சி

நீங்கள் இருவரும் பேரியைப் பற்றியே பேசுகிறீர்கள். அவன் நண்பன் சிஸ்கோவை யாரும் நினைக்கவில்லையா? மூன்றாம் சீசனில் பேரி காலத்தைக் குழப்பிவிட்டுத் திரும்பி வரும்போது சிஸ்கோவின் அண்ணன் டான்டே செத்திருக்கிறான், குடித்துவிட்டு ஓட்டிய எவனோ காரில் இடித்து. காலத்தில் பின்னால் ஓடிப்போய் அவனைக் காப்பாற்று என்று சிஸ்கோ கேட்டிருக்கிறான், பேரி முடியாது என்றிருக்கிறான். தன் அம்மாவுக்காக ஓடியவன்!

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் சித்தப்பா போய்விட்டார். அன்று சாயந்திரமே அவரைக் கூட்டிவரச் சொன்னார்கள், மழை விடட்டும், காலையில் போகலாம் என்று அண்ணன் இருந்துவிட்டான். அப்புறம் டோங்காட்டில் மாசக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தினமும் டேங்கர் வரிசையில் வாளியோடு நிற்பான், யாரோடும் பேசமாட்டான். சிஸ்கோ காட்சி வந்தபோது ரிமோட்டை வாங்கி அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மியர்பேங்க் அக்கா

நான் என் மகனோடு பார்த்தவள். மூன்றாம் சீசன் வில்லன் சாவிட்டாரின் முகம் தெரிந்த எபிசோடில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான் என் கதை.

தங்கச்சி, அண்ணனிடம் கேள். நீ கேட்கமாட்டாயா என்றுதான் அவன் ரிமோட்டை வாங்கியிருப்பான். உன் மேல் தப்பில்லை என்று எடுத்தவுடன் சொல்லாதே, அதை அவன் நூறு பேரிடம் கேட்டிருப்பான். சித்தப்பாவைப் பற்றிப் பேச்செடு. திவசத்துக்கு அவருக்குப் பிடித்ததை அண்ணன் கையால் சமைக்கச் சொல். தூக்கமே இல்லாமல் கிடந்தால் மனச்சோர்வு, பதற்றத்தில் இருப்பவர்களுக்கு உதவும் சாடாக் (SADAG) அமைப்புக்குப் போன் போடு, காசு வாங்காமல் பேசுவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாவிட்டார் யார்? பேரியேதான். வருங்காலத்தில் சண்டைக்கென்று பேரியே உண்டாக்கி, சண்டை முடிந்ததும் எல்லாரும் ஒதுக்கிவைத்த இன்னொரு பேரி. துக்கத்தில் இருப்பவனைத் தனியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பேரி கடைசியில் அவனையும் உள்ளே கூப்பிடுகிறான், பாருங்கள்.

பீனிக்ஸ்காரன்

அக்கா, கூப்பிட்டான், சரி. ஆனால் சாவிட்டார் வந்த கையோடு துரோகம்தானே செய்தான்? சாவிட்டார் கொல்லத் தேடிய பேரியின் காதலி ஐரிஸைக் காப்பாற்றியது அவர்கள் குழுவில் இருந்த எச்.ஆர். அவள் ஒளிந்திருந்த இடத்தை வாய்தவறிச் சொன்னவரும் அவர்தான், அந்தக் குற்ற உணர்ச்சியில் அவள் உருவத்தை எடுத்துக்கொண்டு சாவிட்டாரின் கத்திக்கு முன்னால் போய் நின்றார். அந்த மனுஷனைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லையே.