‘பட்டு’ என்று தேடினால் ‘பட்டி’, ‘பட்டை’ எல்லாம் வருகிறது: உதவி வேண்டும்

கேட்டவர்:
வணக்கம். என் குறிப்புகளில் தேடுவதற்கு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் உள்ள எஃப்டிஎஸ்5 என்ற சொல் தேடல் வசதியை வைத்துச் சின்னதாக ஒரு தேடல் எழுதினேன். ஆங்கிலத்தில் பிசகே இல்லை. தமிழில் ‘பட்டு’ என்று கொடுத்தால் ‘பட்டி’, ‘பட்டை’ இருக்கிற குறிப்புகளும் வந்து நிற்கின்றன. எழுத்துருவை மாற்றியும் பார்த்துவிட்டேன். இரண்டு நாளாக இதே வேலை. எங்கே தவறு?

பதில் 1:
எழுத்துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எது சொல் என்று முடிவு செய்வது டோக்கனைசர், அதாவது உரையைச் சொற்களாக வெட்டும் பகுதி. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் யூனிகோட்61 என்பது வேலை செய்யும். கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு தரும் யூனிகோடில் ‘எழுத்து’, ‘எண்’ என்று வகைப்படுத்தியவற்றைத்தான் அது சொல்லுக்குள் சேர்க்கும். குறிகளை இடைவெளியாகவே எண்ணிக்கொள்ளும். நமக்கு ‘டு’ ஒரே எழுத்து. யூனிகோடில் அது ‘ட’, அதன் பின்னால் உகரக் குறி என இரண்டு. ஆகவே ‘பட்டு’ புள்ளியில் ஒருமுறை வெட்டுப்படும், உகரக் குறியில் இன்னொரு முறை. மிஞ்சுவது ‘பட’, ‘ட’. ‘பட்டி’யை வெட்டினாலும் அதே இரண்டு துண்டுதான்!
எந்த வகைகள் சொல்லுக்குள் வரலாம் என்று சொல்லும் கேட்டகரீஸ் விருப்பம் டோக்கனைசரில் உண்டு. அதில் எம்சி வகையையும் (உகரக் குறி போன்றவை யூனிகோடில் இந்த வகை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
சேர்த்தேன், ‘பட்டி’ போய்விட்டது. ஆனால் ‘தீ’ என்று தேடினால் ‘தீமை’, ‘தீர்வு’ எல்லாம் வருகின்றன.

பதில் 2:
எம்சி மட்டும் போதாது. நம் உயிர்க்குறிகளில் ஈகாரக் குறி மட்டும் எம்என் என்ற வேறொரு குறி வகை. புள்ளியும் அதே வகைதான். அதனால் ‘தீ’ இன்னும் வெறும் ‘த’வாகத்தான் பதிவாகிறது. நானும் இதே இடத்தில் தடுக்கி விழுந்தவன். ஏற்கெனவே இருக்கும் வகைகளோடு எம்சி, எம்என் இரண்டையும் கொடுத்து, அட்டவணையைப் புதிதாக உருவாக்கிக் குறிப்புகளை மறுபடி ஏற்றுங்கள். பழைய அட்டவணை தானாகத் திருந்தாது.
இன்னொன்று: ‘கொ’வில் வரும் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குத் தெரியும். ஏற்றும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்திருப்பதை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
இப்போது ‘தீ’ சரியாக வருகிறது, மிக்க நன்றி! ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ கிடைக்கவில்லையே, இதுவும் அதே கோளாறா?

பதில் 2:
இல்லை, அது வேற்றுமை உருபு சேரும்போது சொல் மாறுவதால் வருவது. உருபைக் களைந்து அடிச்சொல்லைப் பதிய ஸ்டெம்மர் வேண்டும். ஸ்னோபால் என்ற ஸ்டெம்மர் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று இருக்கிறது. ‘மர’ என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் எடுக்கும் முன்னொட்டுத் தேடலும் செய்யலாம், ஆனால் ‘மரபு’, ‘மரணம்’ கூடவே வரும். சொந்தக் குறிப்புகளுக்கு நான் முன்னொட்டையே வைத்திருக்கிறேன். தேவையில்லாத நாலு வந்தாலும் பரவாயில்லை, தேடியது விட்டுப்போகக்கூடாது.