மணத்தக்காளி இலை சல்லடையாகிறது, பொறிவண்டு இருந்தும்!

மாடிவீடு:
கத்தரித் தொட்டியில் தானாக முளைத்த மணத்தக்காளியைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினேன். இடுப்பளவு வளர்ந்து காயும் பிடித்தது. பத்து நாளாக இலையில் நரம்பு மட்டும்தான் மிஞ்சுகிறது. பொறிவண்டு நிறைய இருக்கிறது; நல்ல பூச்சி என்று படித்ததால் தொடவில்லை. அப்புறம் எதுதான் தின்கிறது? மகனுக்கு வாய்ப்புண், கூட்டு வைக்கக்கூட இலை தேறவில்லை.

கரிசல்காட்டான்:
வண்டு பளபளப்பா, மங்கலா? முதுகில் எத்தனை புள்ளி? இலையைத் திருப்பிப் பாருங்கள் அக்கா.

மாடிவீடு:
மங்கிய செம்பு நிறம். இருபதுக்கு மேல் புள்ளி, எண்ணி முடிப்பதற்குள் பொத்தென்று விழுந்துவிட்டது. இலையின் அடியில் மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு புழுக்கள்.

கரிசல்காட்டான்:
அதுதான் திருடன். எபிலாக்னா வண்டு, 28 புள்ளி இருக்கும். பொறிவண்டுக்குச் சொந்தம்தான், ஆனால் அதுபோல, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னாது, இலையைச் சுரண்டும். கத்தரியும் மணத்தக்காளியும் ஒரே குடும்பம், எனவே கத்தரியையும் பாருங்கள். காலையில் வண்டையும் புழுவையும் சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுங்கள். மஞ்சள் முட்டைகள் கும்பலாக ஒட்டிய இலையைக் கிள்ளி நசுக்குங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறை போதும்.

கீரைக்கட்டு:
கண்ணு, அரித்த செடியோடு மல்லுக்கட்டாதே. ஒரு சாண் விட்டு வெட்டிவிடு, பக்கத்தில் தளிர்க்கும். அதற்கு முன் காயைப் பறித்து, உப்புப் போட்ட மோரில் இரவு ஊறவைத்து, பகலில் வெயிலில் போடு. கலகலவென்று சத்தம் வரும்வரை இப்படியே செய்தால் வத்தக்குழம்புக்கு ஆச்சு. கறுத்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்தால் அடியில் விதை தங்கும். நிழலில் உலர்த்தி, மணலோடு கலந்து தூவு.

பையனுக்குப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கூட்டு வை, காரம் வேண்டாம். பச்சைக் காயை அப்படியே வாயில் போட விடாதே, அதில் சோலனின் என்ற நஞ்சு உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் புண் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டு, கீரையை நம்பி உட்காராதே.

மாடிவீடு:
காலையில் 37 வண்டு! கத்தரி இலையைத் திருப்பினால் அங்கே அதைவிட அதிகம். செடியை வெட்டிவிட்டேன் அம்மா, காய் மோரில் ஊறுகிறது. கூட்டுக்குச் சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்கினேன்.