புதுப்பிப்பு: தாவரவியல் வகுப்புக்கு வேர்ட்பிரஸ் வலைப்பதிவு

இளங்கலை மாணவர்களின் களப்பணிக் குறிப்புகளுக்குப் பொதுவாக ஒரு வேர்ட்பிரஸ் வலைப்பதிவு தொடங்கினால், நான் பார்க்காமல் எதுவும் வெளியாகாதபடி வைக்க முடியுமா என்று பருவத் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, மாணவர்களுக்கு 'கான்ட்ரிபியூட்டர்' பொறுப்பு மட்டும் கொடுங்கள் என்ற பதில்தான். அவர்கள் எழுதி ஒப்புதலுக்கு அனுப்பலாம், வெளியிட முடியாது. அந்த வேலை 'எடிட்டர்' அல்லது 'அட்மின்' கையில்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: கான்ட்ரிபியூட்டரால் படம் ஏற்ற முடியாது. இலையும் பூவும் இல்லாமல் என்ன தாவரவியல் பதிவு! வெளியான பின் தன் பதிவைத் திருத்தவும் அவர்களால் முடியாது. அதனால் ஒழுங்காக எழுதுகிறவர்களைச் சில வாரங்களில் 'ஆத்தர்' ஆக்கிவிட்டேன். இரண்டுமே சரியாயின. ஆனால் ஆத்தர் நேரடியாக வெளியிடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பின்னூட்டத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் யோசனை முதலில் எடுபடவில்லை. எங்கு பார்த்தாலும் "அருமை", "சூப்பர்". அப்புறம் பதிவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால்தான் மதிப்பெண் என்றேன். ஆவாரையா கொன்றையா என்று ஒரு படத்தின் கீழே பெரிய விவாதமே நடந்தது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்தான் அதில் முன்னால் நின்றார்கள்.